சிக்னஸ் எக்ஸ்-3இன் ரேடியோ சீற்றங்களும் தளவிளைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னஸ் எக்ஸ்-3 என்பது என்ன?

ஒன்றையொன்று 4.8 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் இரட்டை. ஒன்று உல்ஃப்-ரேயே வகை விண்மீன். ஹைட்ரஜனை இழந்து ஹீலியம் உள்ளகம் வெளியே தெரிய நிற்கும் கனமான விண்மீன் அது. மற்றொன்று அடர்த்தியான சிறு பொருள். அது கருந்துளையா நியூட்ரான் விண்மீனா என்பது இன்னும் முடிவாகவில்லை. பெரும்பாலோர் கருந்துளைப் பக்கம் சாய்கிறார்கள்.

1966இல் ராக்கெட்டில் ஏற்றிய எக்ஸ் கதிர் கருவி இதைக் கண்டது. சிக்னஸ் விண்மீன் குழுவில் கண்ட மூன்றாவது எக்ஸ் கதிர் மூலம் என்பதால் இந்தப் பெயர். துணை உல்ஃப்-ரேயே வகைதான் என்று தெரிந்தது 1992இல், அகச்சிவப்பு நிறமாலையை வைத்து. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இதைப் பார்க்கவே முடியாது, நடுவே பால்வழியின் தூசி அவ்வளவு. தூரம் 7.4 கிலோபார்செக் என்று ஒரு கணிப்பு உண்டு. 2023இல் வெளியான ரேடியோ இடமாறு அளவீடு (பூமி சூரியனைச் சுற்றும்போது மூலம் சற்றே நகர்ந்து தெரிவதை வைத்துத் தூரம் காண்பது) சுமார் 9.7 கிலோபார்செக் என்கிறது, அதாவது ஏறத்தாழ 31,600 ஒளியாண்டு.

இரண்டுக்கும் இடையிலான தூரம் சூரியனின் ஆரத்தைப்போல் சில மடங்குதான். உல்ஃப்-ரேயே விண்மீனிலிருந்து நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வீசும் அடர்ந்த காற்றுக்கு உள்ளேயே சிறு பொருள் சுற்றுகிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் காற்றைப் பற்றியதுதான்.

ரேடியோ சீற்றம் என்றால் எவ்வளவு பெரியது?

சாதாரண நாளில் இது 0.1 ஜான்ஸ்கி அளவில் இருக்கும். ஒரு ஜான்ஸ்கி என்பது சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு, 10இன் அடுக்கு மைனஸ் 26 வாட். 1972 செப்டம்பர் 2 அன்று கனடாவின் அல்கான்குவின் ஆய்வகத்தில் 46 மீட்டர் டிஷ்ஷை 10.5 கிகாஹெர்ட்ஸில் இதன்மேல் திருப்பினார் ஃபிலிப் கிரிகரி. அப்போது இது 20 ஜான்ஸ்கியைத் தாண்டி நின்றது. செய்தி உலகெங்கும் பறந்தது. பல தொலைநோக்கிகள் வேலையை விட்டுவிட்டு இதைப் பார்த்தன. அந்த அக்டோபரில் ‘நேச்சர் ஃபிசிக்கல் சயின்ஸ்’ இதழ் ஒன்று முழுவதும் இந்தச் சீற்றத்துக்கே ஒதுக்கப்பட்டது.

20 ஜான்ஸ்கியை 9.7 கிலோபார்செக் தூரத்துக்குக் கணக்கிட்டு, 10 கிகாஹெர்ட்ஸ் அகலத்தால் பெருக்கினால் சூரியனின் மொத்த ஆற்றல் வெளிப்பாட்டைப்போல் ஆறு மடங்கு வருகிறது. அதுவும் ரேடியோவில் மட்டும்.

விண்மீன் வெடித்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். சிறு பொருளிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் பாயும் தாரைதான் பெருக்கெடுக்கிறது. 1997 பிப்ரவரி சீற்றத்துக்குப் பிறகு எடுத்த நுண்படங்களில் தாரை ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. 2001 செப்டம்பரில் இரு பக்கமும் தெரிந்தது; அந்த ஆய்வு தந்த வேகம் ஒளியின் வேகத்தில் சுமார் 0.63 பங்கு. தாரை நம் பார்வைக் கோட்டுக்கு ஏறக்குறைய 10 பாகைச் சாய்வில் வருகிறது. கிட்டத்தட்ட நம்மை நோக்கித்தான்.

தளவிளைவு என்று எதைச் சொல்கிறீர்கள்? முனைவாக்கமும் அதுவும் ஒன்றா?

ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தளவிளைவு, இலங்கைப் பாடநூல்களில் முனைவாக்கம். அலையின் மின்புலம் எல்லாத் திசையிலும் கலைந்து அதிராமல் ஒரு திசையில் அதிகம் அதிர்ந்தால் நேர்கோட்டுத் தளவிளைவு. சுழன்றுகொண்டே வந்தால் வட்டத் தளவிளைவு.

அளவிடும்போது நான்கு எண்கள் கிடைக்கும். இவை ஸ்டோக்ஸ் எண்கள்: ஐ மொத்தச் செறிவு, க்யூவும் யூவும் நேர்கோட்டுப் பகுதி, வி வட்டப் பகுதி. க்யூ, யூ இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் நேர்கோட்டுத் தளவிளைவின் அளவு. யூவை க்யூவால் வகுத்து, அதன் எதிர் டேன்ஜென்ட்டில் பாதி எடுத்தால் அதன் கோணம்.

சீற்றத்தில் ஏன் தளவிளைவு வருகிறது?

ஒளியின் வேகத்தை நெருங்கிய எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழலும்போது சிங்க்ரோட்ரான் கதிர் வெளிவருகிறது. பிறக்கும்போதே அது தளவிளைவோடு பிறக்கிறது. எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் அடுக்கு (ஆற்றல் கூடக் கூட அவற்றின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்) 2.2, காந்தப்புலம் முழுக்க ஒரே திசை, பொருள் ஊடுருவிப் பார்க்கும்படி மெல்லியது என்றால் கோட்பாடு தரும் உச்சம் சுமார் 70 சதவீதம். அப்போது மின்புலத்தின் கோணம் காந்தப்புலத்துக்குச் செங்குத்து.

பொருள் தன் கதிரைத் தானே விழுங்கும் அளவுக்குத் தடித்திருந்தால் உச்சம் 11 சதவீதமாகச் சரியும், கோணமும் 90 பாகை புரண்டுவிடும். சீற்றத்தின் தொடக்கத்தில் தாழ்ந்த அதிர்வெண்களில் இந்த நிலைதான். எனவே ஏறுமுகத்தில் எடுத்த கோணத்தையும் இறங்குமுகத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டு ‘தாரை திரும்பிவிட்டது’ என்று எழுதுவதற்கு முன், அந்த அதிர்வெண்ணில் நிறமாலைச் சரிவு எந்தப் பக்கம் இருந்தது என்று பாருங்கள். அதிர்வெண் கூடக் கூடச் செறிவும் கூடினால் தடித்த நிலை. குறைந்தால் மெல்லிய நிலை.

அப்படியானால் சிக்னஸ் எக்ஸ்-3இல் 70 சதவீதம் கிடைக்கிறதா?

கிடைப்பதில்லை. சில சதவீதம் கிடைக்கும். உயர் அதிர்வெண்ணில், சீற்றம் முதிர்ந்த பிறகு, 10 சதவீதம் அளவுக்கு ஏறலாம். தொடக்கத்தில் 1 சதவீதத்துக்கும் கீழே கிடப்பது வழக்கம்.

காரணங்கள் மூன்று. ஒன்று, தாரைக்குள் காந்தப்புலம் சிக்கலாகக் கிடக்கிறது; வெவ்வேறு திசைத் துண்டுகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. இரண்டு, உல்ஃப்-ரேயே காற்றில் உள்ள எலக்ட்ரான்களும் காந்தப்புலமும் அலையின் கோணத்தைத் திருப்புகின்றன. மூலத்தின் ஒரு பகுதிக்கு ஒரு திருப்பம், அடுத்த பகுதிக்கு வேறொன்று என்றால் சேர்த்துப் பார்க்கையில் மிஞ்சுவது கொஞ்சம். மூன்றாவது உங்கள் கருவி. பட்டையகலத்துக்குள்ளேயே கோணம் சுற்றிவிட்டால் இருந்த தளவிளைவும் காணாமல் போகும்.

முதல் இரண்டும் மூலத்தைப் பற்றிய செய்தி. மூன்றாவது உங்களைப் பற்றிய செய்தி. இவற்றைப் பிரிக்காமல் ‘தளவிளைவு 1.5 சதவீதம்’ என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. எந்த அதிர்வெண், எவ்வளவு அகலச் சேனல் (பட்டையைப் பிரித்த சிறு துண்டு), சீற்றம் தொடங்கி எத்தனையாவது நாள், கருவிக் கசிவு (ஒரு வகைத் தளவிளைவின் சமிக்ஞை கருவிக்குள் மற்றதில் கலப்பது) எவ்வளவு மிஞ்சியது, இந்த நான்கும் கூடவே வர வேண்டும்.

சீற்றம் முதிர முதிரத் தளவிளைவு ஏன் கூடுகிறது?

காற்று ரேடியோவை விழுங்கும் எல்லை, சுற்றுப்பாதையின் அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தூரம் பரந்திருக்கிறது. அதிர்வெண் குறையக் குறைய அந்த எல்லை இன்னும் வெளியே தள்ளிப்போகும். தாரைத் துண்டு அந்த எல்லையைக் கடந்து வெளியேறும்போதுதான் நமக்குத் தெரியத் தொடங்குகிறது. அதனால் 15 கிகாஹெர்ட்ஸில் உச்சம் முதலில் வரும், 5இல் பிறகு, 1.4இல் அதற்கும் பிறகு. துண்டு விரிந்துகொண்டே போவதும் இதே வரிசையைத்தான் தரும்.

நாட்கள் போகப் போகத் துண்டு அடர்ந்த காற்றைத் தாண்டுகிறது. முன்னால் நிற்கும் எலக்ட்ரான்கள் குறைகின்றன, கோணக் குழப்பம் குறைகிறது, தளவிளைவு தலைகாட்டுகிறது. மொத்தச் செறிவு சரிந்துகொண்டிருக்கும்போது சதவீதம் ஏறும் இந்த எதிர்ப்போக்கைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

சுழற்சி அளவை என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

காந்தப்புலம் உள்ள எலக்ட்ரான் கூட்டத்தைக் கடக்கும்போது தளவிளைவுக் கோணம் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திரும்பும். இது ஃபாரடே சுழற்சி. திரும்பிய கோணத்தை ரேடியனில் எடுத்து, அலைநீள வர்க்கத்தால் வகுத்தால் வருவதே சுழற்சி அளவை. அலகு: சதுர மீட்டருக்கு ரேடியன்.

பயிற்சிக்காகச் சுழற்சி அளவை 500 என்று வைத்துக்கொள்வோம். பால்வழித் தளத்தில் இது அசாதாரணம் அல்ல. 15 கிகாஹெர்ட்ஸில் கோணம் 11.5 பாகை திரும்பும். 8.4இல் 36 பாகை. 5இல் 103 பாகை. 1.4இல் மூன்றரைச் சுற்றுக்கும் மேல்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தளவிளைவுக் கோணம் 180 பாகைக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே வந்துவிடும். 1.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டில் மட்டும் அளந்தால், 74 ரேடியனுக்கு ஒரு விடை வீதம் எத்தனையோ சுழற்சி அளவைகள் அதே தரவுக்குப் பொருந்தும். 5, 8.4 என்று நெருங்கிய இரண்டை எடுத்தால் இந்த இடைவெளி 1350க்கு விரியும், சரியான விடை தனித்து நிற்கும். ஆனால் பிழை கூடும். எனவே அகன்ற பட்டையில் நிறையச் சேனல்களாக அளந்து, ஒவ்வொரு சேனலின் க்யூவையும் யூவையும் சேர்த்துச் சுழற்சி அளவைத் தொகுப்பு (பல சுழற்சி அளவைகளை முயன்று, எதில் தளவிளைவு ஓங்குகிறது என்று பார்ப்பது) செய்வதே நல்லது. இரண்டு புள்ளிகளை வைத்து நேர்கோடு வரைந்த பழைய கட்டுரைகளை நம்பும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

சேனல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்?

சேனலுக்குள் கோணம் திரும்பும் அளவு ஐந்து பாகைக்குள் இருந்தால் இழப்பு பொருட்டல்ல. அதே 500 என்ற சுழற்சி அளவைக்கு:

1.4 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாஹெர்ட்ஸ் சேனல் போதும், 1.9 பாகைதான் திரும்பும். அதே இடத்தில் 100 மெகாஹெர்ட்ஸை மொத்தமாகச் சராசரி எடுத்தால் 188 பாகை; தளவிளைவு அறவே அழியும். 650 மெகாஹெர்ட்ஸில் அதே 1.9 பாகைக்கு 0.1 மெகாஹெர்ட்ஸ் சேனல் தேவை. 5 கிகாஹெர்ட்ஸில் 128 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கே 5.3 பாகைதான். தரவின் அளவைக் குறைக்க வேண்டி முதலில் சேனல்களைச் சராசரி எடுத்துவிடுவது தாழ்ந்த அதிர்வெண்ணில் திரும்பப் பெற முடியாத தவறு.

சீற்றம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

நாள் சொல்ல முடியாது. அறிகுறி உண்டு. பெருஞ்சீற்றத்துக்கு முன் இந்த மூலம் அடங்கிவிடும்: ரேடியோ 30 மில்லி ஜான்ஸ்கிக்குக் கீழே இறங்கும். கூடவே கடின எக்ஸ் கதிர் ஏறக்குறைய மறைந்து, மென் எக்ஸ் கதிர் உயரும். இந்த அடக்கம் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கலாம். அதிலிருந்து வெளியே வரும்போதுதான் 1 ஜான்ஸ்கிக்கு மேற்பட்ட சீற்றம் எழுகிறது.

கண்காணிக்க இரண்டு இலவசப் பொதுத் தரவுகள் போதும். ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பேட் கருவி 15 முதல் 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை பார்க்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ஜப்பானின் மேக்சி கருவி 2 முதல் 20 வரை. பேட் எண்ணிக்கை (சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நொடிக்கு) 0.02க்குக் கீழே சரிந்து, மேக்சி எண்ணிக்கை உயர்ந்தே நின்றால் விழித்திருக்க வேண்டிய காலம். ரேடியோவில் ரஷ்யாவின் ரத்தான்-600, இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜின் 15 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வரிசை இரண்டும் இதை நெடுங்காலமாகப் பின்தொடர்பவை.

அடங்கிய பிறகு ஏன் சீறுகிறது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே விளக்கம் இல்லை. 2009இல் ஃபெர்மி, அஜிலே செயற்கைக்கோள்கள் காமா கதிரையும் கண்டன, அது 4.8 மணி நேரத் தாளத்தில் ஏறி இறங்கியது. ஆகவே தாரை கிளம்பும் நேரத்தில் ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான்கள் இரட்டைக்கு அருகிலேயே இருக்கின்றன என்று கொள்ளலாம்.

தொலைநோக்கி நேரம் கிடைத்துவிட்டது. அவதானிப்பை எப்படித் திட்டமிடுவது?

முதலில் நான்கு மூலங்களைப் பட்டியலில் போடுங்கள். செறிவையும் கோணத்தையும் அளவுத்திருத்த 3சி 286 என்னும் ரேடியோ மூலம். சென்டிமீட்டர் அலைகளில் அதன் தளவிளைவுக் கோணம் 33 பாகை, 5 கிகாஹெர்ட்ஸில் அளவு சுமார் 11 சதவீதம், பல பத்தாண்டுகளாக நிலையானது. கசிவைக் கண்டுபிடிக்கத் தளவிளைவே அற்ற ஒன்று: 3சி 84 அல்லது 3சி 147. அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அலை நிற்கும் நிலை) நேரத்தோடு மாறுவதைப் பின்தொடர ஜே2007+4029; சிக்னஸ் எக்ஸ்-3இலிருந்து 5 பாகைக்குள் இருக்கிறது. பிறகு சிக்னஸ் எக்ஸ்-3.

நேரத்தில் ஒரு சிக்கல். 3சி 286இன் வலஞ்சாய்வு (வானத்தில் கிழக்கு மேற்கு இடத்தைச் சொல்லும் எண்) 13 மணி 31 நிமிடம், சிக்னஸ் எக்ஸ்-3இனுடையது 20 மணி 32 நிமிடம். ஏழு மணி நேர இடைவெளி. அவதானிப்பைச் சிக்னஸ் எக்ஸ்-3 கிழக்கில் ஏறும்போதே தொடங்கி, முதல் அரை மணியில் 3சி 286ஐ முடித்துவிட வேண்டும். அது மறைந்த பிறகு நேரம் கிடைத்தால் கோண அளவுத்திருத்தம் இல்லாத தரவுதான் கையில் இருக்கும். அதை வைத்துச் சதவீதம் சொல்லலாம், திசை சொல்ல முடியாது.

தளவிளைவு அற்ற மூலத்தை ஒருமுறை பார்த்தாலே கசிவு கிடைக்கும். அது இல்லாமல் கட்ட மூலத்தையே கசிவுக்கும் பயன்படுத்துவதானால், டிஷ்ஷின் பார்வையில் வானம் சுழலும் கோணம் 60 பாகைக்குக் குறையாமல் மாறும்படி, குறைந்தது மூன்று தடவை, பரவலான நேரங்களில் பாருங்கள். மூலத்தின் தளவிளைவு வானத்தோடு சுழலும், கருவியின் கசிவு சுழலாது. இரண்டையும் பிரிப்பது இந்த வேறுபாடுதான். சிக்னஸ் எக்ஸ்-3ஐயே இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் தளவிளைவு மணிக்கணக்கில் மாறக்கூடியது.

கசிவு என்பது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலம் 1 ஜான்ஸ்கி, உண்மையான தளவிளைவு 2 சதவீதம். அது 20 மில்லி ஜான்ஸ்கி. திருத்தாத கருவியில் ஒரு ஃபீட்டின் (டிஷ்ஷின் குவியத்தில் ஒரு வகைத் தளவிளைவை மட்டும் வாங்கும் உணர்வியின்) சமிக்ஞை மற்றதில் 3 சதவீதம் கசிந்தால் 30 மில்லி ஜான்ஸ்கி பொய்த் தளவிளைவு. பொய் மெய்யைவிடப் பெரியது. நன்றாகத் திருத்தினால் 0.1 முதல் 0.5 சதவீதத்துக்குள் அடக்கலாம். அதற்குக் கீழே வரும் எந்தத் தளவிளைவையும் கண்டதாக எழுதக் கூடாது, படத்தின் இரைச்சல் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இரைச்சலுக்கு வேறொரு குணமும் உண்டு. தளவிளைவு அளவு வர்க்கமூலத்தில் வருவதால் எப்போதும் நேர்ம எண்; இல்லாத இடத்திலும் கொஞ்சம் இருப்பதாகக் காட்டும். அளந்த எண்ணின் வர்க்கத்திலிருந்து இரைச்சலின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். கோணத்தின் பிழை, 28.65 பாகையைச் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதத்தால் வகுத்தது. ஐந்து மடங்கு சமிக்ஞைக்குப் பிழை 5.7 பாகை. அதற்கும் குறைந்த சமிக்ஞையில் கோணம் பேசாமல் இருப்பது மரியாதை.

தரவைச் சுத்தம் செய்யும் வரிசை என்ன?

ரேடியோ தரவைக் கையாளும் காசா மென்பொருளை மனத்தில் வைத்துச் சொல்கிறோம், இலவசம்.

1. குறுக்கீட்டை நீக்குங்கள். குறுக்குப் பெருக்கங்களிலும் (இரு டிஷ்களின் வெவ்வேறு வகை ஃபீட்களைப் பெருக்கியவை; ஒரே வகையைப் பெருக்கியவை நேர்ப் பெருக்கங்கள்) தனியாகப் பாருங்கள்: செயற்கைக்கோள் சமிக்ஞைகள் தளவிளைவு மிக்கவை, நேர்ப் பெருக்கங்களில் பதுங்கி குறுக்கில் பளிச்சென்று தெரியும்.
2. 3சி 286க்குச் செறிவு மாதிரியோடு க்யூ, யூ மாதிரியையும் கொடுங்கள். செறிவு மட்டும் கொடுத்துவிட்டுக் கோணம் ஏன் தவறாக வருகிறது என்று தலையைச் சொறிவது பொதுவான காட்சி.
3. தாமதம், பட்டை வடிவம், கட்டம், வீச்சு: வழக்கமான வரிசை.
4. இரு ஃபீட்களுக்கு இடையிலான தாமதம், 3சி 286ஐ வைத்து.
5. கசிவு, சேனல் சேனலாக. பட்டை முழுவதற்கும் ஒரே எண் எடுத்தால் அகன்ற பட்டையில் மிச்சம் நிற்கும்.
6. கோணம், இதுவும் சேனல் சேனலாக.
7. எல்லாத் திருத்தங்களையும் ஏற்றும்போது வானச் சுழற்சிக் கோணத் திருத்தம் இயங்கு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இயல்பில் அது அணைந்திருக்கும். மறந்தால் க்யூவும் யூவும் நேரத்தோடு சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று அழித்துவிடும்.

படம் எடுத்தால் மூலத்தைச் சுற்றி வளையங்கள் தெரிகின்றனவே?

மூலம் அவதானிப்பின்போதே மாறியிருக்கிறது. படமாக்கும் முறை மூலம் மாறாது என்று நம்புகிறது. ஆறு மணி நேரத்தில் 2 ஜான்ஸ்கி 3 ஆகியிருந்தால் அந்த நம்பிக்கை உடைந்து வளையங்களாகத் தெறிக்கிறது. 10 அல்லது 15 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். அல்லது படத்தையே விட்டுவிட்டு, தரவில் நேரடியாகப் புள்ளி மாதிரியைப் பொருத்துங்கள். சிக்னஸ் எக்ஸ்-3 சாதாரண வரிசைகளுக்குப் புள்ளிதான், இரண்டாவது வழி சுத்தமானது.

வளையத்தைப் போக்குவதற்காக வீச்சு சுயதிருத்தம் (மூலத்தின் தரவை வைத்தே கருவியின் வீச்சைத் திருத்துவது) செய்பவர்கள் உண்டு. வளையம் போகும், கூடவே சீற்றமும் போகும்: மாறும் மூலத்தை மாறாததாக நினைத்துக் கருவியின்மேல் பழியைப் போட்டுவிடும். கட்டத் திருத்தம் மட்டும் செய்யுங்கள்.

சுற்றுப்புறமும் தொந்தரவு. சிக்னஸ் எக்ஸ் என்னும் விண்மீன் பிறக்கும் பெரும்பரப்பு அதே திசையில் இருக்கிறது. சிக்னஸ் ஓபி2 கூட்டம் அரைப் பாகைக்குள். டிஷ்களுக்கு இடையிலான குறுகிய தூரங்கள் இந்தப் பரந்த ஒளியை எல்லாம் வாரிக்கொண்டு வரும். அலைநீளத்தைப்போல் ஆயிரம் மடங்குக்குக் குறைந்த தூரங்களை நீக்கிவிட்டால் பெரும்பாலும் தீரும்.

கண்டம் விட்டுக் கண்டம் இணைக்கும் நுண்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: நடுவில் உள்ள பிளாஸ்மா இந்த மூலத்தை மங்கலாக்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸிலேயே கிட்டத்தட்ட 20 மில்லி வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). அலைநீள வர்க்கத்தோடு கூடும். 1.4இல் முயல்வது வீண்.

வட்டத் தளவிளைவு வருகிறதா?

தாரை வகை இரட்டைகளில் மிகக் குறைவு. எஸ்.எஸ் 433இலும், ஜி.ஆர்.எஸ் 1915+105இலும் ஒரு சதவீதத்துக்குள் உறுதியாகக் கண்டிருக்கிறார்கள். இரண்டும் ஆஸ்திரேலியத் தொலைநோக்கி வரிசையில் எடுத்தவை, அதற்கொரு காரணம் உண்டு. அங்கே ஃபீட்கள் நேர்கோட்டு வகை, வி குறுக்குப் பெருக்கத்திலிருந்து வருகிறது. வட்ட ஃபீட் உள்ள கருவிகளில் வி என்பது வலத்துக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி. இரண்டின் பெருக்கத்தில் 1 சதவீதத் தவறு இருந்தால் 0.5 சதவீதப் பொய் வி பிறக்கும். கட்ட மூலத்துக்கு வி பூஜ்யம் என்று வைத்துத்தான் திருத்துகிறோம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எக்ஸ் கதிர் உமிழும் வேறு சில விண்மீன்களில் நூறு சதவீத வட்டத் தளவிளைவு என்கிறார்களே?

அது வேறு இயற்பியல். அங்கே தாரை கிடையாது. யூ.வி செட்டி போன்ற சிவப்புக் குறுவிண்மீன்களிலும், எச்.ஆர் 1099 போன்ற நெருங்கிய இரட்டைகளிலும் விண்மீனின் காந்தப்புலமே மூலம். எச்.ஆர் 1099 நம்மிடமிருந்து 100 ஒளியாண்டுக்குள், 2.84 நாளில் சுற்றும் இரட்டை; 1978 பிப்ரவரியில் 1 ஜான்ஸ்கியை எட்டிச் சீறியது.

அங்கே சில சீற்றங்களில் எலக்ட்ரான்கள் சேர்ந்து மேசர்போல் (லேசரின் ரேடியோ வடிவம்) உமிழ்கின்றன. அதிர்வெண் காந்தப்புலத்தைச் சொல்லிவிடும்: ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ். 1.4 கிகாஹெர்ட்ஸில் கண்டால் 500 காஸ். இரண்டாம் சுருதி (அடிப்படை அதிர்வெண்ணில் இரு மடங்கு) என்றால் அதில் பாதி. நேர்கோட்டுத் தளவிளைவோ விண்மீனின் அடர்ந்த சூழலில் ஃபாரடே சுழற்சியால் அழிந்துவிடும். ஆகவே தெரியாத எக்ஸ் கதிர் மூலத்தில் சீற்றம் கண்டால், வட்டப் பகுதி ஓங்கினால் விண்மீன் சூழல், நேர்கோடு ஓங்கினால் தாரை என்று முதற்கணிப்பு செய்யலாம்.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியால் இதை அளக்க முடியுமா?

தளவிளைவை முடியாது. 1970இல் முத்தோரையில் எழுந்த அந்த 530 மீட்டர் நீள உருளை, குவியக் கோட்டில் 1056 இருமுனைகளை (சிறு கம்பி ஆன்டெனாக்களை) வைத்து 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. எல்லா இருமுனைகளும் ஒரே திசை. ஒரு நேர்கோட்டுப் பகுதி மட்டுமே வருகிறது. நான்கு ஸ்டோக்ஸ் எண்களைப் பிரிக்க வழியில்லை. அந்த அதிர்வெண்ணில் சீற்றமும் பிந்தி, மங்கித்தான் வரும். வேறு பணிகளில் அது பெரிய கருவி, இதற்குப் பொருந்தாது.

புனே அருகே நாராயண்காவ் பக்கம் உள்ள ஜி.எம்.ஆர்.டி என்னும் ரேடியோ தொலைநோக்கி வரிசை பொருந்தும். 45 மீட்டர் டிஷ்கள் 30, எல்லாவற்றிலும் இரு ஃபீட். 550 முதல் 850 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வட்ட வகை, 1050 முதல் 1450இல் நேர்கோட்டு வகை. திருத்தும் வழி இரண்டுக்கும் வேறு. அங்கே கூடுதல் தலைவலி அயனமண்டலம். அது 2 அளவுக்குச் சுழற்சி அளவை சேர்த்தால் 650 மெகாஹெர்ட்ஸில் 24 பாகை கோணப் பிழை. 5 கிகாஹெர்ட்ஸில் அரைப் பாகைகூட இல்லை. இந்திய அட்சரேகைகளில் மாலை நேரத்தில் அயனமண்டலம் வேகமாக மாறுவதால் பின்னிரவு அவதானிப்பே மேல்.

வீட்டு மாடியில் 3 மீட்டர் டிஷ் வைத்துப் பிடிக்கலாமா?

1972 அளவுச் சீற்றமே வந்தாலும் கடினம். 1.4 கிகாஹெர்ட்ஸ், 100 கெல்வின் இரைச்சல் உள்ள ஏற்பி என்று கொள்வோம். 20 ஜான்ஸ்கி அதில் சேர்ப்பது 0.03 கெல்வின்கூட இல்லை. ஏட்டுக் கணக்கில் ஒரு மணி நேரச் சராசரி போதும். நடைமுறையில் பெருக்கியின் பெருக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆடினாலே 0.1 கெல்வின் போய்விடும், வெயில் பட்டால் அதைவிட அதிகம். மேலும் அந்தத் திசையில் பால்வழியே பல கெல்வின் பிரகாசம். டிஷ் சற்று அசைந்தால் அது ‘சீற்றமாக’ வரும்.

ஆர்வம் இருந்தால் காப்பகத் தரவை எடுங்கள். அமெரிக்காவின் வி.எல்.ஏ ரேடியோ தொலைநோக்கி வரிசையின் தரவு வழக்கமாக ஓராண்டிலும், ஜி.எம்.ஆர்.டி தரவு ஒன்றரை ஆண்டிலும் எல்லோருக்கும் திறந்துவிடும். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் ஒரு பழைய வி.எல்.ஏ அவதானிப்பைச் சுத்தம் செய்ய முடியும். முதலில் 3சி 286ஐ மட்டும் படமாக்கி 33 பாகை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

எக்ஸ் கதிரிலும் தளவிளைவு அளந்தார்களாமே?

2021 டிசம்பரில் ஏவிய ஐ.எக்ஸ்.பி.இ செயற்கைக்கோள் 2022 அக்டோபரில் சிக்னஸ் எக்ஸ்-3ஐப் பார்த்தது. 20 சதவீதத்துக்கும் மேல், ரேடியோ தாரைக்குச் செங்குத்தான கோணத்தில் கிடைத்தது. இது தாரையின் கதிர் அல்ல. நடுவிலுள்ள பிரகாசத்தைக் குறுகிய புனல் ஒன்று நம்மிடமிருந்து மறைக்கிறது. புனலின் உட்சுவரில் பட்டுத் தெறித்ததைத்தான் பார்க்கிறோம் என்று விளக்குகிறார்கள். புனலுக்கு நேரே நின்று பார்ப்பவருக்கு இது மீப்பிரகாச எக்ஸ் கதிர் மூலமாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம்.

ரேடியோ கோணத்தோடு இதை ஒப்பிட விரும்புபவர்கள் 8 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தரவை, சுழற்சி அளவையைத் திருத்தி, மெல்லிய நிலையில் எடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் திருத்தாத கோணம் நூறு பாகைக்கு மேல் தள்ளி நிற்கக்கூடும் என்று மேலே பார்த்தோம்.